தாத்தாவின் வயலின் வியன்னா போகலாம், வில் வேண்டாம்

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் பெண்ணுக்கு 14 வயது, சென்னையில் ஓர் இளையோர் இசைக்குழுவில் வயலின் வாசிக்கிறாள். அரையாண்டு லீவில் குழுவோடு பிராக், வியன்னா என்று 12 நாள் போகிறாள். அவள் வாசிப்பது கச்சேரி வித்வானாக இருந்த என் அப்பாவின் பழைய ஜெர்மன் வயலின். அதை லக்கேஜில் போடலாமா, பேப்பர் ஏதாவது வேண்டுமா?"

லக்கேஜில் போடவே போடாதீர்கள். வயலினின் நீள்சதுரப் பெட்டி கிட்டத்தட்ட 80 செ.மீ. நீளம் வரும், கைப்பைக்கு விமானக் கம்பெனிகள் சொல்வதோ 55 செ.மீ. அளவு, ஆனாலும் வயலினைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். 'பெரும்பாலும்' என்பதை நம்பி ஏர்போர்ட்டுக்குப் போகாமல், குழு பொறுப்பாளரை விட்டு முன்கூட்டியே மெயிலில் அனுமதி வாங்கி, பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எனக்கு வயலினைவிடக் கவலை அந்த வில்தான். பழைய வில்களின் நுனியில் இருக்கும் வெள்ளைத் தகடு யானைத்தந்தமாக இருக்கலாம், பிடிப் பக்கத்தில் ஆமை ஓடும் இருக்கலாம். இரண்டுமே சைட்டிஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) வைத்திருக்கும் கடுமையான பட்டியலில் இருப்பவை, சான்றில்லாமல் எல்லை தாண்டக் கூடாது. 2014-ல் புடாபெஸ்ட் ஃபெஸ்டிவல் ஆர்கெஸ்ட்ரா நியூயார்க்கில் இறங்கியபோது தந்தம் என்ற சந்தேகத்தில் 7 வில்களைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள், அவ்வளவு பெரிய குழுவுக்கே அந்தக் கதி. தாத்தா வில் வீட்டிலேயே இருக்கட்டும், ஒரு சுமாரான கார்பன் ஃபைபர் வில் வாங்கி இப்போதிருந்தே அதில் வாசிக்கச் சொல்லுங்கள். எடை கொஞ்சம் மாறும், கை பழக ஒரு மாதமாவது வேண்டும். வயலினின் பிரடை (தந்தியை முறுக்கும் முளை) கருங்காலியாக இருந்தால் பிரச்சினையே இல்லை. ரோஸ்வுட் என்றாலும், செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பரிலிருந்து விலக்கு உண்டு, பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் கிடையாது.

அப்புறம், கிளம்பும்போது நம்மூர் சுங்கத்தில் வயலினைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள். திரும்பி வரும்போது 'அங்கே வாங்கியதா?' என்ற கேள்வியே வராது. பெட்டியோடு நாலு போட்டோவும் போனில் இருக்கட்டும்.

ஷெங்கன் விசாவை (இரண்டு ஊருக்கும் அந்த ஒரே விசாதான்) குழுவே பார்த்துக்கொள்ளும், இருந்தாலும் இரண்டு விஷயம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பம், 6 மாதம் முன்னாலேயே கொடுக்கலாம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: லாப நோக்கமில்லாத அமைப்பின் சார்பில், அதே மாதிரி அமைப்பு நடத்தும் கலை நிகழ்ச்சிக்குப் போகும் 25 வயது வரையிலானவர்களுக்கு 90 யூரோ விசா கட்டணம் கிடையாது. உங்கள் குழு அதில் வருமா என்று கேட்டுப் பாருங்கள், 40 பிள்ளைகள் என்றால் சின்னத் தொகையா என்ன! நீங்களும் கணவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை நோட்டரியிடம் சான்று வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.

சரி, வயலினுக்கு வருவோம். டிசம்பர் சென்னையில் மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கும். அங்கே ஹீட்டர் போட்ட அறைகளில் காற்று காய்ந்து கிடக்கும், மரம் சுருங்கும், பிரடை நிற்காமல் வழுக்கும். ஓரத்தில் ஒட்டு விட்டால் பதற வேண்டாம், அந்த ஓரத்தில் பலகை உடையாமல் ஒட்டு விடுவதற்காகத்தான் லேசான பசை போட்டு ஒட்டுகிறார்கள், திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். பலகையே கீறினால்தான் செலவு. பெட்டிக்குள் வைக்கும் சின்ன ஈரப்பஞ்சுக் குழாய் ஒன்று வாங்கிக் கொடுங்கள். குளிரிலிருந்து அறைக்குள் வந்ததும் பெட்டியைத் திறக்காமல் அரை மணி நேரம் அப்படியே விட வேண்டும், ஹீட்டர் பக்கத்தில் வைக்கவே கூடாது.

விமானத்தில் தந்தியை முழுக்கத் தளர்த்தும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அரை ஸ்வரம் இறக்கினால் போதும். முழுக்க விட்டால் தந்தியைத் தாங்கும் குதிரை சாயும், உள்ளே நிற்கும் சின்னக் குச்சியான சவுண்ட் போஸ்ட்டும் விழுந்துவிடும், பிறகு அதை நிறுத்த ஆள் தேட வேண்டும். வில்லின் முடியை மட்டும் முழுக்கத் தளர்த்தலாம். கத்தரிக்கோல், தந்தி வெட்டும் கட்டர் எல்லாம் செக்-இன் பெட்டிக்குள் போகட்டும்.

இன்னொன்று, உங்கள் பெண் இங்கே 'ஏ' தந்தியை 440 ஹெர்ட்ஸுக்குத்தான் சுருதி சேர்த்துப் பழகியிருப்பாள், வியன்னாக்காரர்கள் 443-க்குச் சேர்ப்பார்கள். அங்குள்ள பியானோவோடோ குழுவோடோ சேர்ந்து வாசிக்க வேண்டியிருந்தால் காதுக்கு அது பழகியிருக்க வேண்டும், ட்யூனரை இப்போதே மாற்றி வைக்கச் சொல்லுங்கள். தந்தி செட்டும் ஒன்று கூடுதலாக, அதிலும் மெல்லிசான மேல் தந்தி ('ஈ') இரண்டு.