செப்டிக் ஷாக்கில் ஸ்டீராய்டு ஊசி: எவ்வளவு, எப்போது?

"அப்பாவுக்கு ஐசியூவில் ஸ்டீராய்டு போடுகிறார்கள், கிருமித்தொற்று இருக்கும்போது அது ஆபத்தில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். செப்டிக் ஷாக் என்றால் கிருமித்தொற்றால் ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரிந்துவிடும் நிலை. பயம் நியாயமானதுதான், ஆனால் அளவைப் பாருங்கள்.

முன்பு மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை உடல் எடையில் கிலோவுக்கு 30 மி.கி. என்று அள்ளிக் கொடுத்தார்கள். 1987-இல் வெளியான ஆய்வுகளில் அதனால் பலனில்லை என்று தெரிந்ததும் கைவிட்டார்கள். இப்போது கொடுப்பது ஹைட்ரோகார்ட்டிசோன், நாளைக்கு 200 மி.கி. பெரும்பாலும் ஆறு மணிக்கொரு முறை 50 மி.கி. நரம்பில் ஏறும், அல்லது பம்ப் வழியாகச் சொட்டுச் சொட்டாக.

எடுத்த எடுப்பில் இதைத் தொடங்குவதில்லை. சலைன் ஏற்றி, ரத்த அழுத்தத்தைத் தூக்கும் மருந்தான நார்அட்ரினலின் ஓடியும் அது நிற்காதபோதுதான். 2018-இல் வந்த, ஹைட்ரோகார்ட்டிசோனைச் சோதித்த 'அட்ரினல்' (ADRENAL) என்ற ஆய்வில் ஷாக் சீக்கிரம் தெளிந்தது, ஆனால் 90 நாள் இறப்பு விகிதம் குறையவில்லை. அதனால் இதை உயிர்காக்கும் மந்திரமாக நினைக்க வேண்டாம். ஆன்டிபயாடிக்தான் முதல் மருந்து.

சர்க்கரை எகிறும். சோடியம் கூடலாம், தசை தளரலாம். சர்க்கரையை அடிக்கடி குத்திப் பார்ப்பது இதற்காகத்தான்.

அப்புறம் ஒன்று: அப்பா ஏற்கெனவே ஸ்டீராய்டு மாத்திரை எடுத்து வந்தவர் என்றால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அதைத் திடீரென நிறுத்துவதே ஷாக்கில் தள்ளிவிடும்.