ஷிப்ட் இன்சார்ஜும் 8டி ரிப்போர்ட்டும்

வணக்கம் சார்,

ஓசூர்ப் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஐடிஐ முடித்து சிஎன்சி மெஷினில் சேர்ந்தவன், இப்போது ஷிப்ட் இன்சார்ஜ். சத்தத்தை வைத்தே டூல் தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன். ஆனால் கஸ்டமர் கம்ப்ளெயின்ட் வந்தால், கோளாறு ஏன் வந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்று எட்டுப் படிகளில் சொல்லும் 8டி ரிப்போர்ட் எழுத வேண்டும். அங்கேதான் கை உதறும். வீட்டுக்கு எடுத்து வந்து நான் சொல்லச் சொல்ல மனைவி டைப் செய்வார். இந்தக் கடிதமும் அப்படித்தான்.

நாலாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு டிஸ்லெக்சியா, அதாவது படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு என்று சோதனைக்குக் கூட்டிப்போன இடத்தில் போன மாதம் சொன்னார்கள். அங்கே சொன்ன அறிகுறி ஒவ்வொன்றும் எனக்கும் பொருந்துகிறது. 'ஐன்ஸ்டீனுக்கே இருந்ததாம், அது ஒரு வரம்' என்கிறார் நண்பர். எனக்கு அப்படித் தெரியவில்லை. கம்பெனியில் சொல்லலாமா? இல்லை, பேசாமல் மெஷினுக்கே திரும்பிவிடவா?

(பெயர் வேண்டாம்)

---

அன்புள்ள நண்பருக்கு,

மெஷினுக்குத் திரும்ப வேண்டாம். மற்றதைப் பிறகு பேசுவோம்.

ஐன்ஸ்டீனை முதலில் அனுப்பிவைத்துவிடலாம். அவருக்கு டிஸ்லெக்சியா இருந்தது என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. நிஜமாகவே இருந்தவர் வேண்டுமென்றால் 2017-ல் வேதியியல் நோபல் பெற்ற ழாக் டுபொஷே இருக்கிறார். சுவிட்சர்லாந்தின் வோ மாநிலத்தில் அதிகாரபூர்வமாகப் பதிவான முதல் டிஸ்லெக்சியாக்காரர் தான்தான் என்றும், அதனால் எல்லாப் பாடத்திலும் மோசமாக இருக்க அனுமதி கிடைத்தது என்றும் தன் வாழ்க்கைக் குறிப்பிலேயே குத்தலாக எழுதி வைத்திருக்கிறார். எனக்குப் பிடித்த மனிதர். ஆனால் அவர் நோபல் வாங்கியதால் உங்கள் 8டி ரிப்போர்ட் ஒரு வரிகூட நகராது.

இந்த 'வரம்' பேச்சுக்கு ஆதாரமாக அடிக்கடி ஓர் ஆய்வைக் காட்டுவார்கள். 2007-ல் லண்டன் கேஸ் பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த ஜூலி லோகன், அமெரிக்காவில் சொந்தத் தொழில் நடத்துபவர்களிடம் கேட்டுப் பார்த்ததில் 35 சதவீதம் பேருக்கு டிஸ்லெக்சியா இருப்பதாகத் தெரிந்தது. பெரிய எண்தான், ஆனால் கேட்கப்பட்டவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். நன்றாகப் பேசுகிறார்கள், வேலையைப் பிறரிடம் பகிர்ந்து கொடுக்கிறார்கள் என்று அவர்களைப் பற்றி லோகன் சொன்னார். பள்ளியிலிருந்தே 'இதைக் கொஞ்சம் எழுதிக் கொடேன்' என்று கேட்டு வளர்ந்தவனுக்கு ஆள் பிடித்து வேலை வாங்கத் தெரியாமல் இருக்குமா? பலர் சொந்தத் தொழிலுக்குப் போனதே விண்ணப்பப் படிவமும் எழுத்துத் தேர்வும் இல்லாத இடம் அது ஒன்றுதான் என்பதால் இருக்கலாம். இது என் ஊகம்.

உங்களுக்கு இருப்பது டிஸ்லெக்சியாதானா என்று நான் சொல்ல முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்தான் சோதித்துச் சொல்ல வேண்டும், பெரியவர்களுக்கும் அந்தச் சோதனை உண்டு. ஆனால் நீங்கள் வந்த வழி ரொம்ப வழக்கமானது. இது பரம்பரையாக வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர ஏறக்குறைய பாதி வாய்ப்பு. அதனால் பிள்ளையைச் சோதிக்கக் கூட்டிப்போன இடத்தில் தன்னைக் கண்டுபிடித்துக்கொண்ட அப்பாக்களும் அம்மாக்களும் நிறைய. இத்தனை நாள் தெரியாமல் போனதற்குக் காரணமும் இருக்கிறது. தமிழில் எழுத்தைக் கண்டால் ஒலி பெரும்பாலும் பிடிபட்டுவிடும். மெதுவாகவாவது தேறிவிடலாம். ஆங்கிலத்தில் ஒரே எழுத்து ஒவ்வொரு சொல்லில் ஒவ்வொரு மாதிரி ஒலிக்கும். மெஷினில் இருந்தவரை உங்கள் வேலை கண்ணாலும் காதாலும் நடந்தது. பதவி வந்ததும் ஆங்கில மெயிலுக்கும் ரிப்போர்ட்டுக்கும் மாறிவிட்டது. உங்கள் அறிவு நேற்று இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

8டி ரிப்போர்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுப் படிகளில் உயிர் எங்கே இருக்கிறது? கோளாறு ஏன் வந்தது என்ற மூலகாரணத்தில். அதைக் கண்டுபிடிக்க உங்களால் முடிகிறது. மிச்சம் எழுத்து வேலை. கம்ப்ளெயின்ட் வந்ததும் மெஷின் பக்கத்திலேயே ஆட்களைக் கூட்டிப் பேசுங்கள், போனில் பதிவு செய்யுங்கள், அனுமதி உள்ள இடத்தில் போட்டோ எடுங்கள். இளம் இன்ஜினியர் ஒருவர் அதை வைத்து ரிப்போர்ட்டில் ஏற்றட்டும். அவருக்கும் மூலகாரணம் தேடுவது எப்படி என்று பழகும். அப்புறம் அதைக் கணினியில் வாய்விட்டுப் படிக்கவைத்துக் கேளுங்கள். வேர்டில் ரீட் அலவுட் இருக்கிறது. எட்ஜ் உலாவியில் தமிழுக்கே பல்லவி, வள்ளுவர் என்று இரண்டு குரல்கள் உண்டு. (வள்ளுவர் வாயால் ரிஜெக்‌ஷன் கணக்குக் கேட்கும் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்!) 'ஃப்ரம்' (from) என்பதற்குப் பதில் 'ஃபார்ம்' (form) என்று எழுத்து இடம் மாறி விழுந்தால் ஸ்பெல்செக் பெரும்பாலும் விட்டுவிடும், இரண்டும் சரியான சொல் என்பதால். கண்ணும் தாண்டிப் போய்விடும். காது விடாது.

எண்களில் மட்டும் விளையாட வேண்டாம். 25.13 என்பது 25.31 ஆகிவிட்டால் அந்த லாட்டில் செய்த பாகங்கள் முழுக்கப் போச்சு. அளவை நீங்கள் சொல்ல, ஒருவர் எழுதி, அதைத் திருப்பி உரக்கப் படிக்கட்டும். விமானிகள் கட்டுப்பாட்டு அறையோடு பேசும்போது இதைத்தான் செய்கிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டிஸ்லெக்சியா இல்லாதவர்களின் ஷிப்டிலும் எண் மாறத்தான் செய்கிறது.

கம்பெனியில் சொல்வது பற்றி. இந்தியாவில் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், டிஸ்லெக்சியா அடங்கும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற வகையையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அரசு வேலையில் இட ஒதுக்கீடு வேண்டுமென்றால் குறைந்தது 40 சதவீதம் என்று சான்றிதழ் வேண்டும். தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்பது விதி. உங்கள் ஹெச்ஆரிடம் அது இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்டுப் பாருங்கள். அவர் முழிப்பதை வைத்தே பாதி விஷயம் புரிந்துவிடும்.

ஆனால் அதற்கு முன்னால் உங்கள் மேனேஜரிடம் போங்கள். டிஸ்லெக்சியா என்று பெயர் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றில்லை. 'சார், கையில் பேப்பரைக் கொடுத்து உடனே கருத்துக் கேட்டால் எனக்கு ஓடாது, மீட்டிங்குக்கு முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். அவசரமென்றால் மெயிலோடு ஒரு போனும் போடுங்கள்' என்று தேவையை மட்டும் கேளுங்கள். அதற்குச் சான்றிதழ் எதுவும் வேண்டாம். இரண்டையும் தட்டாமல் செய்துகொடுக்கிற ஆள் என்றால் பெயரையும் சொல்லலாம். வம்பு பேசுகிற ஆள் என்றால் தேவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊருக்கெல்லாம் உடைத்துச் சொல்வதுதான் தைரியம் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு உங்கள் இஎம்ஐ தெரியாது.

இன்னொன்று. உங்கள் மனைவி ராத்திரியில் உட்கார்ந்து அந்தக் கம்பெனிக்குச் சம்பளமில்லாமல் டைப் செய்துகொண்டிருக்கிறார். கஸ்டமர் ரிப்போர்ட் வீட்டுக்கு வருவது வெளியே தெரிந்தால் உங்களுக்குத்தான் சிக்கல். டிஸ்லெக்சியாவை யாரும் குற்றம் என்று சொல்ல முடியாது, இதைச் சொல்லலாம். முதலில் நிறுத்த வேண்டியது இதுதான். அடுத்த கம்ப்ளெயின்ட்டை மெஷின் பக்கத்திலேயே பேசி முடித்துப் பாருங்கள். எப்படிப் போனது என்று எனக்குச் சொல்லுங்கள். எழுத வேண்டாம், வாய்ஸ் மெசேஜ் போதும்.