தெருக்கூத்து பார்க்கப் போனால் விடிய விடிய விழித்திருக்க வேண்டுமா?

சபா நாடகம் மட்டுமே பார்த்துப் பழகிய நீங்கள், முதன்முறையாகச் செய்யாறு பக்கம், மகாபாரதக் கதையை ஆடும் பாரதக் கூத்துக்குப் போகிறீர்கள். நடுவில் எழுந்து போகலாமா, தூங்கினால் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தூங்கலாம். பாயும் போர்வையுமாகத்தான் ஊரே வந்து உட்காரும்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் 'அடுத்து என்ன' என்ற பரபரப்பு கிடையாது. எந்த வேஷம் எப்படி வருகிறது என்பதுதான் விஷயம். இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்க, அதன் பின்னால் நின்று வேஷக்காரர் பாடுவார். துரியோதனன் திரைக்குப் பின்னால் வந்துவிட்டால் தூங்குகிற பிள்ளையைத் தட்டி எழுப்பிவிடுவார்கள்.

கோமாளியாக வரும் கட்டியக்காரனிடம் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. முன்வரிசையில் கொட்டாவி விட்டால் கிண்டலில் நீங்களும் மாட்டலாம்! அவன் கதைக்குள்ளும் இருப்பான், ஊர்க்காரனாகவும் பேசுவான்.

திரௌபதியைத் துகிலுரியும் கட்டத்தில் அந்தச் சிரிப்பெல்லாம் அடங்கிவிடும். திரௌபதி வேஷக்காரருக்குக் கற்பூரம் காட்டிக் கும்பிடுகிறவர்களைப் பார்ப்பீர்கள். அந்த நேரத்தில் அவர் அவர்களுக்கு அம்மன். அர்ச்சுனன் தவம் செய்யும் 'தபசு' அன்று, அர்ச்சுனன் வேஷக்காரர் மரத்தின் உச்சியிலிருந்து வீசும் எலுமிச்சம்பழத்துக்காகக் குழந்தை வரம் வேண்டும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். கைதட்டல் இங்கே குறைவுதான். பிடித்திருந்தால் பணம் கொடுப்பார்கள், கொடுத்தவர் பெயரை மேடையிலேயே சொல்வார்கள்.

அப்புறம், ஒரு சால்வை எடுத்துப் போங்கள். பின்னிரவில் பனி இறங்கும்.