ஃபாதர்கள் நடத்தும் யுனிவர்சிட்டியில் மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி: மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வெளியுறவுத் துறைப் படிப்புதான் வேண்டும், அதுவும் அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் யுனிவர்சிட்டியில்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அது இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவிகள் சபையின் ஃபாதர்கள் நடத்துவதாமே, பிள்ளையை மதம் மாற்றிவிடுவார்கள் என்று என் மாமியார் புலம்புகிறார். நிஜமா?
– ஒரு வாசகி, பர்கூர்

பதில்: அங்கே இந்து மாணவர்கள் வழிபட, தியானம் செய்ய தர்மாலயா என்று தனி இடமே இருக்கிறது, முழுநேர இந்து சமய வழிகாட்டியும் இருக்கிறார் என்று மாமியாரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். முஸ்லிம் மாணவர்களுக்கு முழுநேர இமாமை 1999லேயே வைத்துவிட்டார்கள். இளநிலை மாணவர்கள் எந்தத் துறையாக இருந்தாலும் இறையியலில் 2 பாடமும் தத்துவத்தில் 2 பாடமும் படித்தாக வேண்டும், ஆனால் அது வாதம் செய்கிற வகுப்பு, ஞானஸ்நானம் கொடுக்கிற வகுப்பு இல்லை.

ஜான் கரோல் என்ற பாதிரியார் ஜார்ஜ்டவுனைத் தொடங்கியது 1789இல். அப்போது நம் பாராமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் வட்டாரம்) திப்பு சுல்தான் கையில் இருந்தது, கம்பெனிக்குப் போனது 1792இல்தான். இதில் வேடிக்கை என்னவென்றால் இயேசு சபையை 1773லேயே போப் கலைத்துவிட்டார், 1814இல்தான் அதற்கு முழுதாக மறுவாழ்வு கிடைத்தது, ஆகவே கரோல் கல்லூரி தொடங்கும்போது அவர் சார்ந்த சபையே இல்லை! எந்த மதத்துப் பிள்ளையும் சேரலாம் என்று தொடக்கத்திலேயே அறிவித்தும்விட்டார். உங்கள் மகள் கேட்கும் வெளியுறவுப் பள்ளி 1919இல் வந்தது, பில் கிளின்டன் படித்தது அதில்தான். 2001இலிருந்து தலைவர் பதவிக்கே பாதிரியார் அல்லாதவர் வந்துவிட்டார்.

மாணவர்கள் ஒன்றும் சாமியார் பிள்ளைகள் இல்லை. ஹீலி ஹால் கட்டடத்தின் கடிகார முள்ளை ராத்திரியில் ஏறித் திருடி வாட்டிகனுக்கு பார்சல் அனுப்புவது அங்கே பழைய சேட்டை, நிர்வாகம் தலையில் அடித்துக்கொள்ளும். அப்புறம், மதத்தைவிடப் பணத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள். சாப்பாடு, தங்கல் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல், நம் கணக்கில் 65 லட்சத்தைத் தாண்டும்.

கேள்வி: ஜார்ஜ்டவுன் அடிமைகளை விற்று நடந்த கல்லூரி என்று படித்தேன். அப்படிப்பட்டவர்கள் ஒழுக்கம் போதிக்கலாமா?
– ஓர் ஆசிரியர், பாலக்கோடு

பதில்: விற்றது உண்மை. கல்லூரியை நடத்திய மேரிலாந்து மாநில இயேசு சபையினருக்குத் தோட்டங்கள் இருந்தன, அவற்றில் அடிமைகள் இருந்தார்கள், 1838இல் 272 பேரை லூசியானாவுக்கு 1,15,000 டாலருக்கு விற்க ஏற்பாடு செய்தவர் கல்லூரியின் முன்னாள் தலைவர் தாமஸ் மல்லெடி. அந்தப் பணத்தில் ஒரு பங்கு கல்லூரிக் கடனை அடைக்கப் போனது. குழந்தைகளும் கிழவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். முதல் பெயர் ஐசக், வயது 65. பல காலம் மல்லெடி பெயரில் ஒரு கட்டடம் ஜம்மென்று நின்றது. 2015இல் மாணவர்கள் உட்கார்ந்து போராடிய பிறகுதான் பெயர் போனது, 2017இல் அதற்கு ஐசக் ஹாக்கின்ஸ் பெயரை வைத்து, சந்ததியினரை வரவழைத்து மன்னிப்புக் கேட்டார்கள். அந்தச் சந்ததியினருக்கு மாணவர் சேர்க்கையில் முன்னுரிமையும் உண்டு.

இன்னொன்றையும் பாருங்கள். மேலே சொன்ன கடிகாரக் கட்டடத்தின் பெயருக்குரிய பேட்ரிக் ஹீலி, ஜார்ஜியா மாநிலத்தில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர், 1874இல் மல்லெடியின் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். தாய் யார் என்பது அன்று பெரிதாக வெளியே பேசப்படவில்லை, பேசப்பட்டிருந்தால் உட்கார விட்டிருப்பார்களா என்பது என் சந்தேகம். போதிக்கலாமா என்று கேட்டீர்கள். கணக்குப் புத்தகத்தை ஒளிக்காமல் திறந்து காட்டுகிற இடம் போதித்தால் நான் கேட்பேன். 180 வருஷம் தாமதம்தான், மறுக்கவில்லை.

கேள்வி: அமெரிக்கா எல்லாம் நமக்கு எட்டாது சார். பக்கத்தில் இந்த மாதிரி இருக்கிறதா? லயோலா யுனிவர்சிட்டிதானே?
– ஒரு மாணவர், ஓசூர்

பதில்: இல்லை தம்பி. சென்னை லயோலா (1925) தன்னாட்சிக் கல்லூரி, பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்துடையது. நம் மாவட்டக் கல்லூரிகளுக்குச் சேலம் பெரியார் பல்கலைக்கழகம் கொடுப்பது போலத்தான். திருச்சி செயின்ட் ஜோசப்பும் பாளையங்கோட்டை சேவியரும் அதே கதை. இயேசு சபையினர் நடத்தும் பல்கலைக்கழகமே வேண்டுமென்றால் உங்களுக்கு ஓசூரில் பஸ் ஏறினால் போதும், பெங்களூரு லாங்ஃபோர்டு ரோட்டில் செயின்ட் ஜோசப் இருக்கிறது. 1882இல் பிரெஞ்சு மிஷனரிகள் தொடங்கியது, 1937இல் இயேசு சபையினர் கைக்கு வந்தது, 2022இல் பல்கலைக்கழகமாகத் திறப்பு விழா கண்டது. கர்நாடக அரசும் சேர்ந்து உருவாக்கியது என்பதால் முழுத் தனியார் என்று சொல்ல முடியாது. விண்ணப்பிக்கும் முன் தமிழ்நாட்டு மாணவருக்குக் கட்டணம் எவ்வளவு, ஹாஸ்டல் கிடைக்குமா என்று ஆபீஸிலேயே நேரில் கேட்டுவிடுங்கள், ஏஜென்ட்டிடம் வேண்டாம்.