பிறந்த குழந்தைக்கு உண்மையிலேயே தேவையான பராமரிப்புப் பொருட்கள் எவை?

அத்தியாவசியப் பராமரிப்புப் பொருட்கள் என்பவை குழந்தையைச் சுத்தமாகவும் கதகதப்பாகவும் பாதுகாப்பாகவும் வைத்திருக்க அன்றாடம் தேவைப்படுபவை மட்டுமே: மென்மையான பருத்தி உடைகள், டயப்பர் அல்லது துணி நாப்கின், பஞ்சு, மணமற்ற மென்மையான சோப்பு, டயப்பர் தடிப்புக்கான ஜிங்க் களிம்பு, டிஜிட்டல் வெப்பமானி.

பட்டியல் இவ்வளவு சிறியதாக இருப்பதற்குக் காரணம் குழந்தையின் தோல்தான். அது பெரியவர்களின் தோலைவிட மெல்லியது. உடல் எடையோடு ஒப்பிடும்போது அதன் பரப்பும் மிக அதிகம் என்பதால், மேலே பூசுவது எளிதில் உள்ளே செல்கிறது, உடலின் வெப்பமும் ஈரமும் விரைவில் வெளியேறுகின்றன. பூச்சுக் காயாத சுவரில் விரல் பட்டாலே தடம் விழுவதுபோல, பெரியவர்களை எதுவும் செய்யாத வாசனைப் பொருள்கூட அந்தத் தோலைச் சிவக்க வைத்துவிடும்.

முதல் குளியலையே குறைந்தது 24 மணி நேரம் தள்ளிப்போடுமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆகவே சோப்புக்கு அவசரமில்லை. பவுடரின் நுண்துகள்கள் மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும் என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது. தூங்குமிடத்தில் தலையணை வேண்டாம். சமமான, உறுதியான மெத்தை போதும். பலர் வாங்க மறப்பது வெப்பமானியைத்தான், நான் முதலில் வாங்கச் சொல்வதும் அதையே: மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

‘இயற்கையானது’, ‘மூலிகை’ என்று அச்சிட்டிருந்தால் பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் தாவரங்களிலிருந்து எடுக்கப்படும் வாசனை எண்ணெய்களும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவையே.