கொழும்பு மாடிவீட்டில் வண்டும் வண்ணத்துப்பூச்சியும் வர எந்தச் செடி நல்லது?

தேனீ, வண்ணத்துப்பூச்சி தேடி வரும்படியாக, இந்த மண்ணுக்கே உரிய, வருடக்கணக்கில் நிற்கிற பூச்செடி ஒன்றை விதை போட்டு வளர்க்க வேண்டும், இருப்பதோ கொழும்பில் மாடிவீடு என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் எருக்கலை. சிரிக்காதீர்கள்.

நான் இருப்பது வெள்ளவத்தையில், கடல் பக்கமாக. மொட்டைமாடியில் அதை வைக்கப் போகிறேன் என்றதும் அம்மா, "வீட்டில எருக்கலை முளைக்க எண்டு ஊரில திட்டுவினம். நீ சாடி வைச்சு வளர்க்கிறியோ?" என்றார். வெள்ளெருக்கு, பிள்ளையாருக்கு மாலை கட்டலாம் என்று சொல்லித்தான் சமாளித்தேன். விதை வெள்ளைப் பூச் செடியில் எடுத்ததுதான். பூத்த இரண்டு செடியில் ஒன்று ஊதாவாகப் போனது வேறு கதை.

விதைக்கு மன்னாரிலிருந்து காய் கொண்டு வந்தேன். காய் தானாக வெடிக்கத் தொடங்கும்போது பறிக்க வேண்டும். பச்சைக் காய்க்குள் விதை முற்றியிருக்காது. உள்ளே தட்டையான மண்ணிற விதைகள் மீன் செதில் போல அடுக்கடுக்காக இருக்கும், ஒவ்வொன்றின் நுனியிலும் பட்டு மாதிரி ஒரு குஞ்சம். பஞ்சைப் பிடித்துக்கொண்டு விதையை உருவுங்கள், காற்றில்லாத இடத்தில். நான் மாடியில் வைத்து உருவி, பாதி விதை பக்கத்து வீட்டுக்காரர் காயப்போட்ட உடுப்பில் போய் ஒட்டியது.

ஊறவைப்பது, உரசுவது ஒன்றும் வேண்டாம். புது விதை என்றால் மேலே மெல்லிதாக மண் தூவினால் போதும், ஒன்றிரண்டு கிழமையில் முளைத்துவிடும். காலம்தான் முக்கியம். முதல் தடவை மே மாதம் போட்டேன். தென்மேல் பருவ மழை பிடித்துக்கொண்டது, முளைத்த எல்லாம் கழுத்தடியில் அழுகிச் சாய்ந்தன. அடுத்து தை மாத வெயிலில் போட்டவைதான் நின்றன. இது வறண்ட நிலத்துச் செடி. கொழும்பு மழையைத் தாங்கும், ஆனால் காலடியில் ஈரம் நின்றால் தாங்காது. ஆகவே மணல் கூடுதலாக, செம்மண், கூட்டெரு ஒரு பிடி.

ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் சின்னச் சாடியில் முளைக்க வைத்துப் பிறகு மாற்றினால் செடி சோர்ந்துவிடும். ஒன்றரை லீட்டர் சோடாப் போத்தலின் தலையை வெட்டி, அடியில் ஓட்டை போட்டு அதில் விதையுங்கள். நாலைந்து இலை வந்ததும் போத்தலைக் கீறி, வேர் கலையாமல் பெரிய பெயின்ட் வாளியில் இறக்குங்கள். வாளிக்கு அடியில் தட்டு வைக்கவே வேண்டாம். தேங்கிய தண்ணீரில் நுளம்புக் குடம்பி கிடந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து வழக்குப் போடுவார். வருடம் ஒருமுறை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் மீண்டும் தழைக்கும். வெட்டும்போது பால் கண்ணில் படக்கூடாது, கண்ணைப் பலமாகக் காயப்படுத்தும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் நான் இதைச் சொல்ல மாட்டேன்.

பூத்த பிறகு வருவது பெரும்பாலும் நாம் அறிந்த சின்னத் தேனீ அல்ல, மரத்தைத் துளைக்கிற கருவண்டு. அதுவும் தேனீ வகைதான். பூவின் நடுவில் கிரீடம் மாதிரி ஒரு மேடு இருக்கிறதே, அதன் பக்கங்களில் நுணுக்கமான பிளவுகள். வண்டு தேன் குடிக்க மேலே ஏறி நிற்கும்போது கால் அதில் வழுக்கி இறங்கும், இழுத்து எடுக்கும்போது மெழுகு போன்ற இரண்டு மஞ்சள் துணுக்குகள் ஒரு சோடியாகக் காலைக் கவ்விக்கொண்டு வரும். மகரந்தம் தூளாக உதிராமல் பொட்டலமாகப் போகிறது. ஒருநாள் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கியபோதுதான் அதைக் கண்டேன். சின்னத் தேனீக்கும் ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் தும்பை போடுங்கள். ஓராண்டுச் செடிதான், தானே விதை கொட்டி மறுபடி வரும்.

சாறு உறிஞ்சுகிற மஞ்சள் அசுவுணிப் பூச்சி குருத்தில் அப்பிக்கொள்ளும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், மருந்து அடிக்காதீர்கள். ஏனென்றால் வெள்ளை, கறுப்பு, மஞ்சள் வரி போட்டு, முதுகில் மூன்று சோடிக் கொம்போடு புழுக்கள் வரும். செம்மஞ்சள் இறக்கையில் கறுப்பு விளிம்பு வைத்த, ஆங்கிலத்தில் Plain Tiger என்கிற வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைகள் அவை. எருக்கலையின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைப்பதால் குருவிகள் பெரும்பாலும் கிட்டப் போவதில்லை. இலை ஓட்டை ஓட்டையாகும், ஆகட்டும். டெங்குக்குப் புகை அடிக்கிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் நான் செடியைப் பழைய சேலையால் மூடிவிடுவேன்.

போன மாதம் ஒரு புழு செடியை விட்டு இறங்கி, ஏ.சி. குழாயில் பச்சைக் கூடாகத் தொங்கியது, மேலே பொன் பொட்டு வைத்தது போல. ஏ.சி. கழுவ வந்த பையனை அம்மாதான், "இந்தக் கிழமை வேண்டாம் தம்பி, அடுத்த கிழமை வா" என்று அனுப்பி வைத்தார்.