செவிலியர் படிப்பில் உடற்கூறியலும் உடலியங்கியலும் எதற்கு?

டர்பன் அருகே சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் வாசகி ஒருவரின் மகள் செவிலியர் பட்டயப் படிப்பின் முதலாண்டில் இருக்கிறார். நோயாளியைக் கவனிக்கக் கற்க வந்தவளுக்கு எலும்புகளின் பெயர்களும் இதய வால்வுகளும் எதற்கு என்றும், மனப்பாடம் செய்தும் மறந்துபோவதை எவ்வாறு படிப்பது என்றும் கேட்டிருக்கிறார்.

206 எலும்புகளின் பெயர்களும் வார்டில் அன்றாடம் தேவைப்படுவதில்லை. தேர்வுக்கு அவை வேண்டியிருக்கும், அவ்வளவே. ஆனால் உடல் இயங்கும் முறையை அறியாத செவிலியர் அளவுகளைக் குறித்து வைப்பாரேயன்றி, அவை உணர்த்துவதை அறியமாட்டார்.

அறுவை சிகிச்சை முடிந்த ஒருவருக்கு உள்ளே இரத்தம் கசிவதாகக் கொள்வோம். 70 கிலோ எடையுள்ளவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உண்டு; அதில் ஒரு லிட்டர் குறைந்த பின்னரும், படுத்திருக்கும் நிலையில் அவருடைய இரத்த அழுத்தம் வழக்கமான அளவிலேயே இருக்கக்கூடும். கழுத்துத் தமனிகளிலும் பெருந்தமனியிலும் உள்ள உணர்விகள் அழுத்தம் குறைவதை உடனே அறிவிக்க, நரம்பு மண்டலம் இதயத்தை விரைவுபடுத்தி, தோலுக்கும் சிறுநீரகங்களுக்கும் செல்லும் குழாய்களைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. ஆகவே நாடியும் மூச்சும் விரைவதும், கைகால் சில்லிடுவதும், சிறுநீர் குறைவதும் முன்னதாகவே தெரிய வரும். அழுத்தம் குறையட்டும் என்று காத்திருக்கும் செவிலியர், உடலின் ஈடுசெய்யும் ஆற்றல் தீர்ந்த பிறகே மருத்துவரை அழைக்கிறார். இதயத் துடிப்பை மெதுவாக்கும் பீட்டா தடுப்பு மாத்திரை உட்கொள்பவரிடம் நாடி விரைவதும் மறைந்திருக்கலாம் என்பதையும் இந்தப் பாடமே சொல்லித்தரும்.

நம் சமூகத்தில் மிகுந்துள்ள சர்க்கரை நோயிலும் இதே நிலைதான். இன்சுலின் போதாமல் கொழுப்பு சிதைந்து அமிலம் சேரும்போது, கரியமில வாயுவை வெளியேற்றி அதைக் குறைப்பதற்காகவே நோயாளி ஆழ்ந்து, விரைந்து மூச்சு விடுகிறார். அதைப் பதற்றம் என்று எண்ணி ஆறுதல் மட்டும் சொல்வது ஆபத்தாகும். பிட்டத்தில் ஊசி போடுகையில், காலுக்குச் செல்லும் பெரிய நரம்பான சியாட்டிக் நரம்பு செல்லும் வழியைத் தவிர்ப்பதற்கு உடற்கூறியல் வேண்டும் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

மகள் புத்தகத்தின் வரிசையில் படிக்காமல், வார்டில் கண்ட ஓர் அறிகுறியிலிருந்து தொடங்கட்டும். கால் வீங்கியிருந்தால் அது இதயத்தாலா, சிறுநீரகத்தாலா, கல்லீரலாலா என்று கேட்டு, ஒவ்வொன்றிலும் நீர் தேங்கும் வழியைப் புத்தகத்தை மூடிவிட்டுத் தானே வரைந்து பார்க்க வேண்டும். இதயம், நுரையீரல், சிறுநீரகம் ஆகிய மூன்றையும் முதலில் முடிப்பது நல்லது. பள்ளியில் வேதியியல் படிக்காதவராயின், அதற்கும் முன்பாக உப்புகளையும் அமில-காரச் சமநிலையையும் ஆசிரியரிடம் தனியே கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும். பெரும்பாலான மாணவர்கள் தடுமாறுவது அங்கேதான்.